வாரம் ஒரு மாத்திரை

நம் உடம்பே நம் உடம்பைத் தாக்கும் நோய்களைப் பற்றிப் பேச வேண்டும், அவற்றை அறிந்துகொள்ள நடந்த ஆராய்ச்சிகளைப் பற்றியும் பேச வேண்டும் என்று பணித்திருக்கிறீர்கள். பெரிய பொருள். அதை ஒரு சின்ன மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். முடக்குவாதத்துக்கு மருத்துவம் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் பெரும்பாலும் அந்த மாத்திரை இருக்கும். மெத்தோட்ரெக்சேட் என்று பெயர். மருந்துச் சீட்டில் அதன் பக்கத்தில் ‘வாரம் ஒரு முறை மட்டும்’ என்று எழுதி, ‘மட்டும்’ என்பதற்கு அடியில் மருத்துவர் அழுத்தமாகக் கோடு போட்டிருப்பார். ஞாயிறு என்றால் ஞாயிறு மட்டும். தவறுதலாகத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அதோடு, வேறொரு நாளில் போட்டுக்கொள்ள ஃபோலிக் ஆசிட் என்று இன்னொரு மாத்திரையும் எழுதியிருப்பார். ஃபோலிக் ஆசிட் ஒரு வைட்டமின். மெத்தோட்ரெக்சேட்டோ அந்த வைட்டமினின் வேலையைத் தடுப்பதற்கென்றே செய்யப்பட்ட மருந்து. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டையும் ஒரே நோயாளிக்கு ஏன் கொடுக்கிறார்கள்? இந்தச் சின்னக் கேள்விக்குள் ஏறக்குறைய நூறாண்டு ஆராய்ச்சி அடங்கியிருக்கிறது. அதில் ஒரு பகுதி நம்முடைய குன்னூரிலும் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் நடந்தது. அந்தக் கதைக்கு வருவேன். அதற்கு முன் இன்று நான் நிலைநாட்ட விரும்பும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘இதனால் யாருக்கு என்ன லாபம்?’ என்று முதலிலேயே கேட்டு அந்தந்த ஆராய்ச்சியை நிறுத்தியிருந்தால், இந்த நோயாளிகள் இன்று உட்கொள்ளும் மருந்துகளில் அநேகமாக ஒன்றுகூட அவர்கள் கைக்கு வந்திருக்காது.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்கவில்லை. பல் துலக்கப் பற்பசை மூடியைத் திருக முடியவில்லை. தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் கழித்து மெல்ல மெல்லக் கை இளகுகிறது. மறுநாள் காலையில் மறுபடியும் அதே கதை. இதுதான் முடக்குவாதம் வாசலில் வந்து நிற்கும் விதம். மூட்டின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. மூட்டு வழுக்கிக்கொண்டு அசைய வேண்டிய திரவத்தைச் சுரப்பது அதன் வேலை. அந்தச் சவ்வுக்குள் நோயெதிர்ப்பு அணுக்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. சவ்வு வீங்குகிறது, தடிக்கிறது, பக்கத்தில் இருக்கும் குருத்தெலும்பை அரிக்கிறது, பிறகு எலும்பையே அரிக்கிறது. அங்கே கிருமி உண்டா? இல்லை. அடிபட்டதா? இல்லை. காக்க வந்த படையே ஊரைக் கொளுத்துகிறது. இதே போர் கணையத்தில் நடந்தால், இன்சுலின் சுரக்கும் அணுக்கள் அழிந்து குழந்தைகளுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் வருகிறது. கழுத்தில் நடந்தால் தைராய்டு சுரப்பு குறைகிறது. நரம்பின் உறையைத் தாக்கினால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல இடங்களில் ஒரே நேரத்தில் நடந்தால் லூபஸ். தோலுக்கு நிறம் தரும் அணுக்களைத் தாக்கினால் வெண்புள்ளி. இந்தக் கடைசி நோய்க்கு நம் ஊரில் நெடுங்காலம் வெண்குஷ்டம் என்று பெயர். தொழுநோய்க்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இது ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு சொல்லால் எத்தனை கல்யாணங்கள் நின்றுபோயின! நோயின் காரணம் தெரியாதபோது ஊர் வைக்கிற பெயரே தண்டனையாகிவிடுகிறது.

‘வேலியே பயிரை மேய்ந்தது போல’ என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. இந்த நோய்களைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான பழமொழி கிடைக்காது. ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. வேலி பயிரை மேய்கிறது என்றால், வேலியைப் பிடுங்கி எறிந்துவிடலாமா? எறிந்தால் ஊரில் உள்ள மாடெல்லாம் உள்ளே வந்துவிடும். வேலியை இன்னும் பலமாகக் கட்டலாமா? கட்டினால் மேய்வதும் பலமாகும். இங்கேதான் நம்மில் பலர் தவறுகிறோம். எந்த நோய் வந்தாலும் ‘எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது, அதைக் கூட்ட வேண்டும்’ என்கிறோம். கடைத் தட்டுகளில் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லும் பொடிகளும் பானங்களும் வரிசையாக நிற்கின்றன. நோயெதிர்ப்பு என்பது புஜபலம் போலக் கூட்டிக் குறைக்கும் ஒற்றைச் சரக்கா? அதன் உயிர்நாடி இனம் காண்பதில் இருக்கிறது. எது நம்முடையது, எது அந்நியமானது என்று பிரித்தறிய வேண்டும். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சின்னச் சுரப்பி இருக்கிறது. டி அணுக்கள் எனப்படும் போர்வீரர்கள் அங்கேதான் தேர்வு எழுதுகிறார்கள். சொந்த உடம்பைக் கண்டு ஆவேசம் கொள்ளும் அணுக்கள் அங்கேயே அழிக்கப்படுகின்றன. வெளியே வருவது சிறுபான்மைதான். அந்தத் தேர்விலும் சிலர் தப்பி வந்துவிடுவதுண்டு. அப்படித் தப்பி வந்த அணுக்கள் நம் ஒவ்வொருவர் உடம்பிலும் இருக்கின்றன. ஆகவே சிலருக்கு மட்டும் இந்த நோய் ஏன் வருகிறது என்று கேட்பதோடு, பெரும்பாலோருக்கு ஏன் வராமல் இருக்கிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வியை மனத்தில் வைத்திருங்கள். ஒரு ஜப்பானியரும் சில சுண்டெலிகளும் இதற்குப் பதில் சொல்லப் போகிறார்கள்.

உடம்பு தன்னைத் தானே தாக்கும் என்ற உண்மை மருத்துவ உலகத்துக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில் பால் ஏர்லிஷ் என்ற மேதை வெள்ளாடுகளை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒரு ஆட்டுக்கு வேறொரு ஆட்டின் ரத்தத்தைச் செலுத்தினால், அதை எதிர்க்கும் எதிர்ப்பொருள் உண்டாயிற்று. தன் சொந்த ரத்தத்தை எதிர்க்கும் எதிர்ப்பொருள் மட்டும் உண்டாகவே இல்லை. தன்னையே நஞ்சாக்கிக்கொள்ள உடம்பு அஞ்சுகிறது என்ற பொருளில் லத்தீனில் அதற்கு ஒரு பெயரும் சூட்டினார். அந்த அச்சத்தை மீற முடியாதபடி உடம்பில் ஏதோ ஒரு தடுப்பு ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. அழகான கருத்து. 1908-இல் நோபல் பரிசு பெற்ற மனிதர் சொன்ன கருத்து. அதனாலேயே அது சட்டம் போல ஆகிவிட்டது. 1904-லேயே வியன்னாவில் டோனத், லாண்ட்ஸ்டைனர் என்ற இருவர், குளிர் பட்டால் சிறுநீர் சிவந்து போகும் ஒரு அரிய நோயில், நோயாளியின் எதிர்ப்பொருளே அவருடைய சிவப்பணுக்களை உடைக்கிறது என்று காட்டினார்கள். ரத்த வகைகளைக் கண்டுபிடித்த அதே லாண்ட்ஸ்டைனர்தான். உலகம் கேட்டுக்கொண்டது, விதிவிலக்கு என்று ஓரமாக வைத்துவிட்டது. 1912-இல் ஜப்பானின் கியூஷுவில் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற இளம் அறுவை மருத்துவர், நான்கு பெண்களின் வீங்கிய தைராய்டுகளைச் சோதித்து, அவற்றுக்குள் வெள்ளணுக்கள் மண்டிக் கிடப்பதை எழுதிவைத்தார். அவை ஏன் அங்கே மண்டின என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னர் சொந்த ஊருக்குப் போய் மருத்துவம் பார்த்தார், 1934-இல் டைஃபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். இன்று உலகத்தில் எத்தனையோ பெண்கள் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறார்களே, அவர்களில் ஏராளமானோரின் நோய்க்கு அவர் பெயர்தான். அது அவருக்குத் தெரியாது.

அந்தச் சட்டத்தை உடைத்தது யார்? ஏர்லிஷின் வழியில் வந்தவர்களே உடைத்தார்கள். அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் எர்னஸ்ட் விட்டெப்ஸ்கி என்ற பேராசிரியர் இருந்தார். ஏர்லிஷின் சீடருக்குச் சீடர் அவர். உடம்பு தன்னைத் தாக்காது என்பது அவருக்குக் குருபரம்பரையாக வந்த நம்பிக்கை. அவருடைய ஆய்வுக்கூடத்தில் நோயல் ரோஸ் என்ற இளைஞர் ஒரு முயலின் தைராய்டில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, அதைச் சாறாக்கி, அதே முயலுக்கு ஊசியாகப் போட்டார். குருவின் கொள்கைப்படி ஒன்றும் நடக்கக் கூடாது. நடந்தது. முயலின் ரத்தத்தில் தன் தைராய்டை எதிர்க்கும் எதிர்ப்பொருள் உண்டாயிற்று. மிச்சமிருந்த தைராய்டைத் திறந்து பார்த்தால், ஹஷிமோட்டோ கண்டது போலவே வெள்ளணுக்கள் மண்டியிருந்தன. விட்டெப்ஸ்கி இதை எளிதில் ஏற்கவில்லை. எங்கேயோ பிழை இருக்கிறது, திரும்பச் செய் என்றார். திரும்பச் செய்தார்கள். மறுபடியும் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் முயல் அதே பதிலைச் சொன்னது. கடைசியில் 1956-இல் குருவின் பெயரையும் சேர்த்தே கட்டுரை வெளிவந்தது. அதே 1956-இல் லண்டனில் டெபோரா டோனியாக், ஐவன் ராய்ட், பீட்டர் கேம்ப்பெல் என்ற மூவர், ஹஷிமோட்டோ நோயாளிகளின் ரத்தத் தெளிநீரோடு தைராய்டுச் சாற்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டும் சந்தித்த இடத்தில் வெள்ளைக் கோடு ஒன்று படிந்தது. ஐம்பது ஆண்டு நம்பிக்கையை அந்தக் கோடு அழித்துவிட்டது. விட்டெப்ஸ்கியின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. தான் நம்பியதற்கு எதிராக வந்த சான்றைப் பெட்டியில் பூட்டி வைக்க அவருக்கு அதிகாரம் இருந்தது. அவர் பூட்டவில்லை. சந்தேகப்பட்டார், சோதித்தார், தோற்றார், தன் தோல்வியைத் தன் கையெழுத்தோடு அச்சிட்டார். ஆராய்ச்சியின் மதிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் முதலில் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

இப்போது அந்த மாத்திரைக்கு வருவோம். 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகள் கடுமையான ரத்தசோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் தேடித்தான் வந்தார். கிருமியா என்று பார்த்தார், இல்லை. அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார்; அங்கேதான் விஷயம் இருந்தது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் மெக்காரிசன் என்பவர் நடத்திய உணவு ஆய்வுக்கூடத்துக்கு வந்து வேலை செய்தார். 1931-இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். இன்றைக்குத் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பலகையில் எழுதியிருந்தாலும், ஆட்டோக்காரரிடம் கோஷா ஆஸ்பத்திரி என்றால்தான் சட்டென்று புரியும். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கப்படும் மார்மைட் என்ற மலிவான பசையைக் கொடுத்தால் அந்தப் பெண்களின் ரத்தம் தேறுகிறது என்று லூசி வில்ஸ் கண்டார். அதற்குள் இருந்தது என்ன? அவருக்குத் தெரியாது. பத்தாண்டு கழித்து அமெரிக்காவில் வேறு சிலர் பசலைக் கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இலைக்கான லத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் ஆசிட் என்று அதற்குப் பெயரிட்டார்கள். லூசி வில்ஸ் தேடிக்கொண்டிருந்த சத்து அதுதான்.

அந்த ஃபோலிக் ஆசிட்டை 1940-களில் செயற்கையாகத் தயாரித்த குழுவின் தலைவர் யார் தெரியுமா? நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-இல் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்தவர். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்திக் கல்லூரிக்குப் போனதால் முழுப் பட்டம் கிடைக்காமல், அதற்குக் கீழான பட்டத்தோடு வெளியே வந்தவர். அமெரிக்காவில் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் இந்த வேலை நடந்தது. அந்தச் சமயத்தில் பாஸ்டன் நகரத்தில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ஃபோலிக் ஆசிட் வகைப் பொருளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறைவதற்குப் பதிலாக வேகமெடுப்பது போல இருந்தது. வேறொருவராக இருந்தால் கைவிட்டிருப்பார். ஃபார்பர் அதையே தலைகீழாகத் திருப்பினார். இந்த வைட்டமின் புற்றுநோய்க்குத் தீனி போடுகிறது என்றால், வைட்டமினைத் தடுத்தால் புற்றுநோய் பட்டினி கிடக்குமே! சுப்பாராவின் குழு ஃபோலிக் ஆசிட்டைப் போலவே உருவமும் அதற்கு எதிரான குணமும் கொண்ட பொருள்களைச் செய்து கொடுத்தது. 1948-இல் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில் பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்திருந்தது. அந்த மருந்துக் குடும்பத்தில் பிறந்ததுதான் மெத்தோட்ரெக்சேட். சுப்பாராவ் அதே 1948-இல் காலமானார். மூட்டுகளுக்கும் அந்த மருந்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டு என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

1951-இல் குப்னர் என்ற மருத்துவர் இந்தக் குடும்பத்து மருந்தொன்றைச் சிறிய அளவில் முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்து, வீக்கம் வடிவதைக் கண்டார். சொரியாசிஸ் படையும் மறைந்தது. ஆனால் அது கார்டிசோனின் காலம். படுத்த படுக்கையாக இருந்தவர்களைச் சில நாள்களில் எழுந்து நடக்க வைத்த அந்த ஸ்டீராய்டின் வெளிச்சத்தில் குப்னரின் சின்ன விளக்கு யார் கண்ணிலும் படவில்லை. எலும்பு நொறுங்குவது, முகம் உப்புவது, சர்க்கரை ஏறுவது என்று ஸ்டீராய்டு கேட்கும் வட்டி பிறகுதான் தெரிந்தது. முப்பது ஆண்டு கழித்து, 1980-களில், முறையான ஒப்பீட்டுச் சோதனைகள் நடந்தன. 1988-இல்தான் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் முறைப்படி ஏற்கப்பட்டது. வாரம் ஒரு முறை, குறைந்த அளவு. அது பறித்துக்கொள்ளும் வைட்டமினை ஈடுகட்ட வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட். வாய்ப்புண்ணும் குமட்டலும் அதனால் குறைகின்றன என்று காட்டியதும் சோதனைகள்தான். இப்போது சொல்லுங்கள். 1928-இல் ஒரு நிதி அதிகாரி லூசி வில்ஸைக் கூப்பிட்டு, ‘அம்மா, ஆலைப் பெண்களின் சாப்பாட்டை ஆராய்ந்தால் முடக்குவாதத்துக்கு மருந்து கிடைக்குமா?’ என்று கேட்டிருந்தால் அவர் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

அந்த ஜப்பானியரையும் சுண்டெலிகளையும் நான் மறக்கவில்லை. பிறந்து மூன்று நாளான சுண்டெலிக் குட்டிகளின் தைமஸை வெட்டியெடுத்தால் என்ன ஆகும்? போர்வீரர்கள் குறைவதால் எதிர்ப்புச் சக்தி மங்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? மாறாக, குட்டிகளின் உடம்பு தன்னையே தாக்கத் தொடங்கிற்று. அந்த விசித்திரத்தை ஷிமோன் சகாகுச்சி என்ற இளைஞர் பிடித்துக்கொண்டார். ஆரோக்கியமான எலியின் டி அணுக்களைச் செலுத்தியபோது நோய் தடுக்கப்பட்டது. அப்படியென்றால் அந்த அணுக்களுக்குள் சண்டை போடுபவர்களோடு சண்டையை அடக்குபவர்களும் இருக்க வேண்டும். அடக்கும் அணுக்கள் என்ற பேச்சு அந்தக் காலத்தில் மதிப்பிழந்து கிடந்தது; வேறு சிலர் அவசரப்பட்டுச் சொன்னவை பொய்த்துப்போயிருந்தன. அந்தத் துறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். சகாகுச்சி விலகவில்லை. பத்தாண்டுக்கு மேல் உழைத்து, 1995-இல் அந்தக் காவல் அணுக்களை அடையாளம் காட்டினார். இன்னொரு பக்கம், 1940-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் கதிரியக்க ஆய்வுக்காக வளர்த்த எலிக் கூட்டத்தில், தோல் செதிலாக உரிந்து சில வாரங்களில் செத்துப்போகும் ஆண் குட்டிகள் பிறந்திருந்தன. அந்த எலிகளின் சந்ததியை அரை நூற்றாண்டு பாதுகாத்தார்கள். மேரி பிரன்கோவ், ஃபிரெட் ராம்ஸ்டெல் என்ற இருவர் அந்த நோய்க்கான மரபணுவைத் தேடி, எக்ஸ் குரோமோசோமில் இருபது மரபணுக்கள் வரை வட்டத்தைச் சுருக்கினார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பத்தொன்பதும் சரியாக இருந்தன. இருபதாவதில் பிழை இருந்தது. 2001-இல் அதை வெளியிட்டார்கள். அந்த மரபணுதான் சகாகுச்சியின் காவல் அணுக்களை ஆள்கிறது என்பது விரைவிலேயே தெரிந்தது. தப்பி வந்த முரட்டு அணுக்கள் நம் எல்லோருக்குள்ளும் இருந்தும் நமக்கு ஏன் நோய் வரவில்லை என்று கேட்டோமே, அதற்குப் பெரும் பதில் இதுதான்: காவலர்கள் இருக்கிறார்கள். 2025-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பத்தொன்பது மரபணுக்களைப் பார்த்து முடித்த அன்று மாலை, இருபதாவதையும் பார்த்துவிடுவோம் என்று அவர்களை எழுப்பியது எதுவோ அதற்கு என் வணக்கம்.

சரி, இவ்வளவு ஆராய்ந்தும் நோய் தீர்ந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, வலியில் இருப்பவர்கள் கேட்கும்போது அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. பெரும்பாலான தன்னுடல் தாக்கு நோய்களுக்கு இன்றும் வேரோடு பிடுங்கும் மருந்து இல்லை. ஆனால் தீர்வது ஒன்று, தணிவது ஒன்று. 1922-க்கு முன் முதல் வகைச் சர்க்கரை நோய் என்றால் குழந்தை இறந்துவிடும் என்று பொருள். இன்சுலின் அந்த நோயைத் தீர்க்கவில்லை; அந்தக் குழந்தைகள் பாட்டன் பாட்டிகளாக வாழ வழிவிட்டது. இப்போது அதற்கும் ஒரு படி மேலே போயிருக்கிறோம். நோய் முழுதாக வெளிப்படுவதைச் சராசரியாக இரண்டு ஆண்டு தள்ளிப்போடும் டெப்லிசுமாப் என்ற மருந்து 2022-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. இரண்டே ஆண்டுதானா என்று நினைக்காதீர்கள். எட்டு வயதுக் குழந்தைக்குத் தினசரி ஊசி இல்லாத இரண்டு ஆண்டு என்றால் அது என்ன என்று அதன் தாயைக் கேளுங்கள். 2021-இல் ஜெர்மனியின் எர்லாங்கனில், எந்த மருந்துக்கும் அடங்காத லூபஸ் நோய் கொண்ட இருபது வயதுப் பெண்ணுக்கு, அவருடைய டி அணுக்களையே வெளியே எடுத்து மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தினார்கள். எதிர்ப்பொருள் செய்துகொண்டிருந்த பி அணுக்களை அவை துடைத்தெடுத்தன. நோய் அடங்கிற்று. பின்னர் மேலும் பலருக்கும் அடங்கியிருக்கிறது. எத்தனை ஆண்டு அடங்கியிருக்கும் என்பதைக் காலம்தான் காட்ட வேண்டும்.

இன்னொரு கேள்வி நம் நாட்டுக்கே உரியது. காசநோய் இன்னும் போகவில்லை, நல்ல தண்ணீர் எல்லோருக்கும் இல்லை, இந்த நிலையில் நமக்கு எதற்கு இந்த உயர்ந்த ஆராய்ச்சி? இதற்கு ஒரு எடுத்துக்காட்டால் பதில் சொல்கிறேன். பஞ்சாபில் பிறந்து லண்டனில் பணியாற்றிய ரவீந்தர் மைனியும், மார்க் ஃபெல்ட்மனும், முடக்குவாத மூட்டில் கொந்தளிக்கும் பல பொருள்களில் டிஎன்எஃப் என்ற ஒன்றைத் தடுத்தாலே நெருப்பு அடங்கும் என்று வாதாடினார்கள். 1992-இல் இருபது நோயாளிகளிடம் சோதித்தார்கள், வியக்கத்தக்க பலன். சில ஆண்டுகளில் அந்த வகை மருந்துகள் உலகமெங்கும் வந்தன. 2001-இல் ஒரு எச்சரிக்கையும் வந்தது. மருந்து பெற்றவர்களில் எழுபது பேருக்குக் காசநோய் கண்டிருந்தது. உடம்புக்குள் உறங்கிக்கொண்டிருக்கும் காசக்கிருமியைச் சிறைப்பிடித்து வைத்திருப்பதும் அதே டிஎன்எஃப்தான். வேலியைத் தளர்த்தினால் மாடு உள்ளே வரும் என்று சொன்னேனே, இதுதான் அது. ஆகவேதான் இன்று அந்த ஊசி போடும் முன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயம். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் இருக்கிறார்கள். காசநோய் அரிதான நாடுகளில் வகுத்த விதி நமக்கு அப்படியே போதுமா? நம் மக்களின் உடம்பில் எந்தச் சோதனை எவ்வளவு நம்பகமானது, எத்தனை மாதம் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும் என்று நமக்காக வேறு யார் ஆராய்வார்கள்? ஏழை நாட்டுக்கு ஆராய்ச்சி வேண்டாம் என்பது, ஏழையின் உடம்புக்கு அடுத்தவன் அளவெடுத்த சட்டை போதும் என்பது போல ஆகிவிடும்.

விலையைப் பற்றிய குறை மெய்யானது. புதிய ஊசிகளின் விலை நடுத்தரக் குடும்பத்தையே உலுக்கிவிடும். ஆராய்ச்சி என்றாலே கம்பெனிக்கு லாபம் சேர்ப்பது என்ற கசப்பு அங்கிருந்துதான் பிறக்கிறது. ஆனால் விலையுயர்ந்த மருந்தைக் குறைக்கச் சொல்லும் சான்றையும் ஆராய்ச்சிதான் தர முடியும். மெத்தோட்ரெக்சேட்டுக்கு அடங்காத 353 முடக்குவாத நோயாளிகளை அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மெத்தோட்ரெக்சேட்டோடு விலையுயர்ந்த ஊசி. மறு பிரிவுக்கு மெத்தோட்ரெக்சேட்டோடு இரண்டு மலிவான பழைய மாத்திரைகள். அவற்றில் ஒன்று மலேரியாவுக்குக் கொடுத்து வந்த மருந்து. பலன் இல்லாதவர்களைப் பாதியில் மறு பிரிவுக்கு மாற்றிக்கொள்ளவும் வழி வைத்திருந்தார்கள். 2013-இல் முடிவு வெளியானது: மலிவான மாத்திரைகள் ஊசிக்குச் சளைக்கவில்லை. இந்தச் சோதனையை எந்தக் கம்பெனி ஆசையோடு நடத்தும்? பழைய மாத்திரையை விற்று யாருக்கும் பெரும் லாபம் இல்லை. இதில் முன்னின்றது அமெரிக்க அரசின் முன்னாள் படைவீரர் துறை. அரசுப் பணம் ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று சொல்வதற்கு என்னிடம் இதைவிடப் பலமான சான்று இல்லை. லாபம் போகாத இடங்களுக்குப் போக வேறு யாரும் இல்லை.

நம் நாட்டு வைத்தியம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கும் மரியாதையோடு ஒரு பதில் உண்டு. கோயம்புத்தூரில் 43 முடக்குவாத நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது, 2011-இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு ஆயுர்வேதம், ஒரு பிரிவுக்கு மெத்தோட்ரெக்சேட், ஒரு பிரிவுக்கு இரண்டும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிட்ட மருத்துவருக்கும் தெரியாது. மூன்று பிரிவுகளிலும் முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. 43 பேர் என்பது முடிவு சொல்லப் போதாத எண்ணிக்கை. அதை நடத்தியவர்களும் முன்னோடிச் சோதனை என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் எனக்கு அது பெருமிதம் தருகிறது. நம் மருந்தை நாமே ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க முடியும் என்று காட்டினார்களே! தராசுக்கு வராத மருந்துதான் எனக்கு அச்சம். ஸ்டீராய்டைக் கலந்து மூட்டுவலிப் பொடி என்று விற்றவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள். முதல் வாரம் வலி பறந்துவிடும். எலும்பு நொறுங்குவது பிறகு தெரியும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. லூபஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். தன்னுடல் தாக்கு நோய்களில் பெரும்பாலானவை பெண்களையே அதிகம் பிடிக்கின்றன. ஏன் என்ற கேள்விக்கு 2024-இல் ஒரு துப்புக் கிடைத்தது. பெண்ணின் ஒவ்வொரு அணுவிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றை அமைதிப்படுத்த எக்சிஸ்ட் என்ற ஒரு மூலக்கூறு வேலை செய்கிறது. அதைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும் புரதங்களே எதிர்ப்பொருள்களைத் தூண்டிவிடலாம் என்று ஆண் எலிகளில் அந்த மூலக்கூறை உண்டாக்கிக் காட்டினார்கள். அசதி, மூட்டுவலி, முடி கொட்டுதல் என்று ஒரு பெண் சொன்னால் ‘வேலை செய்யச் சோம்பல்’ என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் ஒதுக்கிய வீடுகள் எத்தனை? அந்தச் சொல்லை எதிர்க்க இப்போது ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதைத் தந்ததும் ஆராய்ச்சிதான்.

மாணவர்களுக்கு ஒரு புதிரைக் கொடுத்துவிட்டு அமர்கிறேன். முடக்குவாதம் உள்ள பெண் கருவுற்றால், பல பேருக்கு அந்த மாதங்களில் வீக்கம் வடிகிறது, வலி தணிகிறது. குழந்தை பிறந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ நோய் திரும்பி வந்துவிடுகிறது. கார்டிசோனுக்காக நோபல் பரிசு பெற்ற பிலிப் ஹென்ச் 1930-களிலேயே இதை எழுதிவைத்தார். அந்த ஒன்பது மாதமும் வேலியைக் கட்டுக்குள் வைத்தது எது? காவல் அணுக்களா, ஹார்மோன்களா, பாதி அந்நியமான ஒரு குழந்தையைச் சுமக்க உடம்பு செய்துகொள்ளும் வேறு ஏற்பாடா? துப்புகள் உண்டு, முழு விடை இன்னும் இல்லை. லூசி வில்ஸ் வேலை பார்த்த கோஷா ஆஸ்பத்திரியில் இன்றும் பிரசவங்கள் நடந்துகொண்டிருக்கின்றன. நாளைக் காலையிலும் அங்கே ஒரு தாய், தன் விரல்கள் மடங்குகின்றனவா என்று பார்த்துவிட்டுக் குழந்தையைத் தூக்குவாள்.